ஏட்டுக்கும் இலைக்கும் ஒரே கட்டம்

பூவில் கூட்டமாய் இருக்கும், மாதம் ஒன்றாய் வீட்டுக்கு வரும். மூன்று கட்டம்.

குறுக்கெழுத்தில் பழகியவர்கள் பென்சிலைத் தேடும் முன்பே 'இதழ்' என்று சொல்லிவிடுவார்கள். ஒரே சொல்லின் இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, 'இரண்டுக்கும் பொதுவானது எது?' என்று கேட்கிற குறிப்பு இது. புதிர் அமைப்பவர்கள் மத்தியில் இந்த வகைக்கு ஒரு விதி உண்டு. இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் இருக்க வேண்டும். 'ஆறு' என்றால் பாலாறும் ஆகும், ஐந்துக்கு அடுத்த எண்ணும் ஆகும். 'வேங்கை' மரமும் ஆகும், புலியும் ஆகும். இரண்டும் எங்கோ தொலைவில் நிற்பதால்தான் விடை கிடைக்கும்போது மனம் துள்ளுகிறது. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருள் கிளைத்திருந்தால் அது சோம்பேறிக் குறிப்பு என்று மூத்தவர்கள் தள்ளிவிடுவார்கள்.

இந்த விதியை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு சொற்குடும்பத்துக்கு மட்டும் இது பொருந்தாது என்று உறுதியாக நினைக்கிறேன். செடியிலும் இருந்து, புத்தகத்திலும் இருக்கிற சொற்களின் குடும்பம் அது.

வேலூரில் எங்கள் வாசகர் வட்டம் நடத்தும் கையெழுத்து இதழுக்கு நான் குறுக்கெழுத்து அமைத்துத் தருகிறேன். அடுத்த இதழுக்கு முழுக் கட்டத்தையும் இந்தக் குடும்பத்துச் சொற்களாலேயே நிரப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏடு, இதழ், ஓலை, மடல், தாள், மலர், முறி, காண்டம், பருவம், பத்திரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. தீபாவளிக்கு 'மலர்' வருகிறது, காலையில் 'ஏடு' வருகிறது, வீட்டுப் 'பத்திரம்' பீரோவில் இருக்கிறது. பத்திரம் என்பதே இலை. வில்வ பத்திரம் என்று சிவன் கோயிலில் கேட்டிருப்போம். பூக்கடைக்கும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் இடையில் இத்தனை சொற்கள் போய்வருவது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தொல்காப்பியத்திலேயே கிடைக்கிறது. மரபியலில் செடிகொடிகளைப் பிரிக்கும் இடத்தில், வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உட்புறம் வைரம் பாய்ந்தது மரம் என்கிறார் தொல்காப்பியர். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்களில்தான் சேர்க்கிறது. பனையை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விளிம்பு இரும்பாக இருக்கும், நடு சோறாக இருக்கும். பிறகு புல்லுக்குரிய உறுப்புப் பெயர்கள் இவை என்று வரிசையாகச் சொல்கிறார்: தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை. இலை, தளிர், முறி போன்றவை மரத்தின் பக்கம் போய்விடுகின்றன.

அந்தப் புல் வரிசையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மடல், ஓலை, ஏடு, இதழ் ஆகிய நான்கும் இன்று நாம் படிக்கிற பொருள்களின் பெயர்கள். தோடு காதுக்குப் போய்விட்டது. ஓலையைச் சுருட்டிக் காதில் செருகிய காலத்தின் நினைவு அது. ஒரு புத்தகக் கடைக்குத் தேவையான பெயர்ப்பட்டியல் முழுவதும் ஒரு பனைமரத்தின் உறுப்புப் பட்டியலில் இருக்கிறது! செடிக்குரிய சொல்லை யாரோ கவிநயத்துக்காகப் புத்தகத்தின் மேல் ஏற்றி வைக்கவில்லை. ஓலை மரத்திலிருந்து இறங்கியது, அதில் எழுதினார்கள், அதன் பெயர் அதனோடேயே வந்தது. பொருள் மாறவே இல்லை, இடம்தான் மாறியது. அதனால்தான் 'உறவில்லாத இரண்டு பொருள்' என்கிற விதியை இந்தச் சொற்களிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. இங்கே விடை காண்பவர் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டியதில்லை. மரத்தடியிலிருந்து வாசிப்பு மேசை வரை நடந்து போனாலே போதும்.

அந்த நடை சுலபமானதும் இல்லை. மிக இளங்குருத்தாகவும் இல்லாமல், முற்றியும் போகாமல் பதமான ஓலையைப் பார்த்து வெட்டுவார்கள். நடுவில் ஓடும் ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, வெந்நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சங்கு கொண்டோ வழவழப்பான கல் கொண்டோ தேய்த்து மெருகேற்றுவார்கள். ஓலையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுவதால் எழுத்தாணியை அதே திசையில் அழுத்தி இழுத்தால் ஓலை பிளந்துகொள்ளும். புள்ளியை அழுத்தி வைத்தாலும் துளை விழும், அதனால் பல சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இராது. கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக விளக்குக் கரியையும் பச்சிலைச் சாற்றையும் சேர்த்துப் பூசித் துடைப்பார்கள். துளையிட்டு, ஒரு துளையில் கம்பியோ மூங்கில் குச்சியோ செருகினால் அதற்கு நாராசம் என்று பெயர். கயிற்றின் நுனியில் ஈர்க்கோடு கூடிய ஓலைத் துண்டைக் கிளியின் மூக்குப் போல வெட்டிக் கட்டினால் அதற்குக் கிளிமூக்கு. ஏட்டைக் கிழித்துவிடுமே என்று முதலில் நீக்கிய ஈர்க்கு, கடைசியில் அதே ஏடுகளைக் கட்டிக் காக்கும் கயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஒரு விவரத்துக்காகவே 'ஈர்க்கு' என் கட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று விரும்பினேன்.

மடலைப் பற்றி ஒரு வார்த்தை. பனை மடலில் குதிரை செய்து ஏறித் தன் காதலை ஊரறியச் சொல்வது மடலேறுதல். அந்தப் பெயரிலேயே ஓர் இலக்கிய வகை பிறந்தது, திருமங்கையாழ்வார் சிறிய திருமடலும் பெரிய திருமடலும் பாடினார். தாழம்பூவின் மடல் தலையில் மணக்கிறது. கடிதமும் மடல், மின்னஞ்சலைச் சிலர் மின்மடல் என்கிறார்கள். இத்தனையும் மூன்று கட்டத்துக்குள் அடங்குகிறது.

தாளுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நெல் அறுத்த பிறகு வயலில் நிற்கும் அடித்தண்டு அரிதாள். பூவின் காம்பும் தாள், கடவுளின் பாதமும் தாள். எழுதுகிற காகிதமும் தாள். காகிதம் என்கிற பொருள் பனையோலையைப் போல நம் கண்முன் வளர்ந்து வந்ததில்லை, வெளியிலிருந்து வந்தது, பெயரும் பாரசீகத்தின் வழியாக வந்தது. எங்கள் ஊரில் காகிதப்பட்டறை என்றே ஒரு பகுதி இருக்கிறது. பேருந்து நடத்துனர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம், ஒரு தொழிலின் பெயரை ஊர் தன் மேல் எழுதி வைத்திருக்கிறதே என்று எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் தமிழ் அந்த வந்த பொருளுக்கும் தன் வயலிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டது. அதைவிட ஆச்சரியம் அதற்குப் பிறகு நடந்தது. கரூர் மாவட்டத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1979-இல் தொடங்கப்பட்டது, கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்கிறது. கரும்பின் தண்டை ஆலையில் பிழிந்து, சக்கையைக் கூழாக்கி, விரித்து உலர்த்தினால் தாள். தண்டு என்று பொருள்படும் சொல், உண்மையிலேயே தண்டிலிருந்து வந்த பொருளுக்குப் பெயராகிவிட்டது. காட்பாடியைத் தாண்டி அம்முண்டி சர்க்கரை ஆலைப் பக்கம் போகும்போது கரும்பு லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் நோட்டுப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது.

என் தாய்மாமன் இங்கே லாங் பஜார் பக்கம் பைண்டிங் வேலை செய்தவர். பள்ளி நூலகப் புத்தகங்கள், வக்கீல்களின் தீர்ப்புத் தொகுப்புகள், கடைகளின் கணக்குப் பேரேடுகள் எல்லாம் அவர் கையில் தைத்து முடிந்தவை. (பேரேட்டிலும் ஏடு இருக்கிறது.) தாளில் நார் ஓடும் திசை தெரியாமல் மடித்தால் புத்தகம் விறைத்துக்கொண்டு நிற்கும் என்பது அவர் முதல் பாடம். ஒரு தாளைக் கையில் கொடுத்தால் நீளவாக்கில் கொஞ்சம், குறுக்குவாட்டில் கொஞ்சம் கிழித்துப் பார்ப்பார். நாரோடு போகும் கிழிசல் நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். நார் ஓடும் திசை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருந்தால்தான் பக்கம் படிந்து உட்காரும். "செத்த புல்லுதான் இது, இன்னும் அதும் புத்தி போவல பாரு" என்பார். தாவரவியல் படித்த எனக்கு, இயந்திரத்தில் உருண்டு வந்த வெள்ளைத் தாளுக்குள் ஒரு செடி எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பதைக் காட்டியது அவர்தான். பசையிலும் செடிதான், மைதா மாவு காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார். தையலுக்குப் பருத்தி நூல். நூல் என்பதே இழையும் புத்தகமும் ஆயிற்றே என்று நான் சொன்னபோது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு, தைப்பதற்காக மடித்த தாள் பாரங்களை அடுக்கத் தொடங்கினார்.

தோல் அட்டையைப் பற்றி அவர் சொன்னதை நான் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன், அது எங்கள் வட்டாரத்தின் கதையாகவே இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோல் தொழில் பரவியிருந்த இந்தப் பகுதியில், குரோமியம் வருவதற்கு முன் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதப்படுத்தியது ஆவாரம் பட்டை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாம் பறிக்கிற அதே மஞ்சள் பூ ஆவாரைதான். பட்டையின் துவர்ப்பில் தோல் ஊறி, கடைசியில் கடுக்காயில் ஒரு முழுக்குப் போட்டு வெளியே வரும். சென்னைத் துறைமுகம் வழியாக இவை 'கிழக்கிந்திய' தோல் என்கிற பெயரில் இங்கிலாந்துக்குப் போய், அங்கே மலிவான புத்தகங்களுக்கு அட்டையாயின. நூலகங்களில் தோல் அட்டைகள் சீக்கிரம் பொடிந்து உதிர்கின்றன என்கிற புகார் எழுந்தபோது, லண்டனில் கலைச் சங்கம் அமைத்த குழு 1901-இல் ஓர் அறிக்கை தந்தது. மரப்பட்டைகளில் இருக்கும் ஒருவகைத் துவர்ப்புப் பொருள் நாளடைவில் தோலைச் சிதைக்கிறது, ஆவாரையால் பதப்படுத்திய தோல்கள் புத்தகத்துக்கு மிக மோசம், ஓராண்டுக்குள்ளேயே சிதைவு தெரிந்தவையும் உண்டு, சுமாக் என்னும் செடியின் இலையால் பதப்படுத்திய தோலே நீடிக்கும் என்பது அதன் சாரம். செருப்புக்கும் பைக்கும் உழைத்த நம் ஆவாரை, புத்தகத்துக்கு ஒத்துவரவில்லை. படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு புத்தகம் எத்தனை காலம் வாழும் என்பதை ஒரு புதரின் பட்டையில் இருக்கும் வேதியியல் முடிவு செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எது சொல்லிவிடும்?

தோல் என்கிற சொல்லும் என் பட்டியலில் சேர்ந்தது. வாழைப்பழத்துக்கும் தோல், புத்தக அட்டைக்கும் தோல். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் எட்டு வனப்புகளில், அதாவது நூலுக்குரிய அழகுகளில், ஒன்றின் பெயரும் தோல்தான். இரண்டு கட்டத்துக்குள் மூன்று வழி.

முறி இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'ஒடி' என்கிற பொருளில்தான் காதில் விழுகிறது. அதற்குத் தளிர், இலை என்று பொருள். எழுதிக் கொடுத்த பத்திரம், சீட்டு என்றும் பொருள். இலங்கைத் தமிழர்கள் அரசாங்கக் கடன் பத்திரத்தைத் திறைசேரி முறி என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அங்கே செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் இது கடினமான குறிப்பாக இராது.

காண்டமும் பருவமும் வடமொழி வழி வந்தவை. வந்த இடத்திலும் இதே கதைதான். காண்டம் என்றால் கரும்பிலோ மூங்கிலிலோ இரண்டு கணுவுக்கு நடுவே இருக்கும் தண்டு. பருவம், அதாவது பர்வம், கணு. கம்பராமாயணம் ஆறு காண்டமாகப் பிரிகிறது, மகாபாரதம் பதினெட்டுப் பருவமாகப் பிரிகிறது. ஒரு காவியம் தண்டு தண்டாகவும் இன்னொன்று கணுக் கணுவாகவும் வளர்ந்திருக்கிறது. பாகவதத்தின் பன்னிரண்டு ஸ்கந்தங்களும் அடிமரம் அல்லது பெருங்கிளை என்று பொருள்படுபவை. தைத்திரீய உபநிடதத்தில் பகுதிகளுக்கு வல்லி என்று பெயர், வல்லி என்றால் கொடி. வேதத்தின் பிரிவுகள் சாகைகள், கிளைகள். முதலில் எழுதாமல் வாயால் சொல்லி வளர்ந்த நூல்களுக்கும் செடியின் உறுப்புகள்தான் பெயர் தந்திருக்கின்றன. ஓலை ஏட்டுக்குப் பெயர் தந்தது கைவேலை. இங்கே பெயர் தந்தது வளர்ச்சியின் ஒழுங்கு. தமிழ்ச் சொற்களை மட்டும் பார்த்து நான் கட்டிய எண்ணத்தை இந்த இடத்தில் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

சிலேடை என்று பேச்சு எடுத்தால் எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி உரிமை இருக்கிறது. ஆரணிக்கு அருகே அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதர், பதினாறாம் நூற்றாண்டில் வேலூர் சின்ன பொம்மு நாயக்கரின் ஆதரவில் வாழ்ந்து, அவரால் கனகாபிஷேகம் செய்யப்பட்டவர். அவர் எழுதிய அணியிலக்கண நூல் குவலயானந்தம். சிலேடையும் அதில் ஓர் அணி. குவலயம் என்றால் நீல ஆம்பலும் ஆகும், பூமியும் ஆகும். இரட்டைப் பொருளை விளக்குகிற நூலின் பெயரிலேயே ஒரு பூ இரட்டைப் பொருளோடு மலர்ந்திருக்கிறது. தமிழில் தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகப் பிரிக்கும். சொல் உடையாமல் இரண்டு பொருள் தந்தால் செம்மொழி, பிரித்தால் வேறு பொருள் தந்தால் பிரிமொழி. இன்றைய குறுக்கெழுத்துக் குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கும். 1913 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டார் என்பது வரலாறு. கட்டம் அங்கிருந்து வந்தது என்று நான் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன், குறிப்பு எழுதும் கலை இங்கே ஏற்கெனவே இருந்தது.

மேற்கிலும் புத்தகம் மரத்திலிருந்துதான் இறங்கியிருக்கிறது. லத்தீனில் லிபர் என்றால் மரத்தின் உட்பட்டை, அதுவே புத்தகம், அதிலிருந்துதான் லைப்ரரி. கோடெக்ஸ் என்றால் அடிமரம், மரப்பலகைகளைச் சேர்த்துக் கட்டி எழுதியதால் அந்தப் பெயர். ஃபோலியோ இலை. பேப்பருக்குப் பெயர் தந்த பாப்பிரஸ், நம் கோரைப்புல்லின் இனத்தைச் சேர்ந்தது. அங்கே எழுதினார்கள், இங்கே பாய் பின்னினார்கள்.

ஆனால் எல்லா ஆங்கிலச் சொல்லும் இப்படி வந்ததில்லை. ஸ்பைன் என்றால் முள்ளும் ஆகும், புத்தகத்தின் முதுகும் ஆகும். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"பொஸ்தகத்துல முள்ளு எங்கம்மா கீது? முள்ளு வேணும்னா எலவம்பாடி கத்திரிக்காயப் பாரு, காம்புலயே கீது."

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் எங்கள் ஊரின் பெருமை, 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காம்பைப் பிடித்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. முள் முதலில் முதுகெலும்பானது, முதுகெலும்பு பிறகு புத்தகத்தின் முதுகானது. உருவ ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தாவலில் வந்த பொருள் அது. ஆங்கிலப் புதிருக்கு அருமையான சொல், விதிப்படி தூரமும் இருக்கிறது. இருந்தாலும் எந்தக் காலத்திலும் யாரும் முள்ளால் புத்தகம் கட்டவில்லை. ஓலையால் கட்டினார்கள். என் தராசில் ஓலைப் பக்கம்தான் தாழும். தாவரவியல்படி சப்பாத்திக்கள்ளியின் முள் உருமாறிய இலை என்பதை மட்டும் ஸ்பைனுக்கு ஆறுதலாகச் சொல்லலாம்.

கட்டம் அமைக்கும் வேலைக்கு வருகிறேன். தமிழில் உயிர்மெய் ஒரு கட்டம், மெய் ஒரு கட்டம். ஏடும் தோடும் 'டு'வில் சந்திக்கும். இலையும் ஓலையும் 'லை'யில் சந்திக்கும். காண்டமும் மடலும் 'ட'வில் வெட்டிக்கொள்ளும். ஆனால் இந்த ஜோடிகள் தனித்தனித் தீவாக நின்றன. எல்லாவற்றையும் நடுவில் இழுத்துக் கட்ட ஒரு சொல் வேண்டும் என்று எதையெதையோ வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் 'புத்தகம்' என்று குறுக்கே எழுதினேன். ஐந்து கட்டம். முதல் கட்டத்தின் 'பு'விலிருந்து கீழே 'புல்' இறங்கியது, தொல்காப்பியரின் அதே புல். மூன்றாம் கட்டத்தின் 'த', 'இதழ்' நடுவில் போய் உட்கார்ந்தது. ஐந்தாம் கட்டத்தின் 'ம்' மேலேயிருந்து வந்த 'பருவம்' முடியும் இடமானது. அந்தப் பருவத்தின் 'ப'விலிருந்து வலப்பக்கம் 'பத்திரம்' ஓடிவிட்டது. முறிக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. 'றி' உள்ள சொல் ஒன்று தேவைப்படுகிறது, குறிஞ்சியை வைத்துப் பார்க்கப் போகிறேன்.